பங்குனியில் புறப்படும் பயணிகள்

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழியிலோ தையிலோ போவார்கள். அப்போது மழை ஓய்ந்திருக்கும். சதுப்பு நிலத்தில் நீர் நிறைந்திருக்கும். பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடியிருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் வெயில் ஏறிவிடும், பார்ப்பதற்கு ஒன்றும் இராது என்று பலர் எண்ணுகிறார்கள்.

மாணவ நண்பர்களே, நான் உங்களைப் பங்குனியில்தான் அழைக்கிறேன். ஏனென்று இந்தக் கட்டுரையை முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

மேலை நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். நமக்கு அது பறவைகள் விடைபெறும் காலம். ஐந்தாறு மாதங்கள் நம் கடற்கரையில் தங்கியிருந்த விருந்தாளிகள் மார்ச் நடுவிலிருந்து மே தொடக்கத்துக்குள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிவிடும். பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுடன் நிற்கும் பயணிகளைப் போல, அவற்றின் நடை, உடை, பசி எல்லாமே அந்நாட்களில் மாறிவிடுகின்றன.

கோடியக்கரை எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரை தெற்கு நோக்கி நேராக வந்து, திடீரென்று மேற்கே திரும்பும் மூலை ஒன்று தெரிகிறதல்லவா? அதுதான் கோடியக்கரை. வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் வேதாரண்யம். மேற்கே பரந்து கிடப்பது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. அதன் மேற்குக் கோடியில் முத்துப்பேட்டைக் காயலும் அலையாத்திக் காடும் உள்ளன. பாமணியாறு, கோரையாறு முதலான காவிரியின் கடைசிக் கிளைகள் இந்தக் காயலில் வந்து கடலோடு கலக்கின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இத்தகைய இடங்களைக் கழிமுகம் என்கிறோம்.

கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் 1967-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. அதன் பட்டியலில் 2002-இல் கோடியக்கரை, சதுப்பு, முத்துப்பேட்டைக் காயல் எல்லாம் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் சேர்ந்த முதல் இடம் இதுவே.

1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வேதாரண்யம் இதுதான் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உப்பு விளையும் அந்த நிலமே பறவைகளுக்கும் உணவு விளையும் நிலம்.

காற்று தள்ளும் தண்ணீர்

கழிமுகச் சேற்றில் பறவை தேடும்போது முதலில் கடல் ஏற்றவற்றத்தைக் கவனிக்க வேண்டும் என்று நூல்கள் சொல்லும். நீர் வற்றும்போது சேறு வெளிப்படும். பறவைகள் இரை தேட இறங்கும். இது பொதுவான உண்மை. ஆனால் நம் கோடியக்கரைப் பகுதியில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. சதுப்பின் உட்பகுதிகளில் அதன் விளைவு இன்னும் குறைந்துவிடுகிறது. ஆயினும் காலையில் நீர் நின்ற இடம் மாலையில் வெறும் சேறாக இருப்பதைப் பார்க்கலாம். எப்படி?

இங்கே தண்ணீரை நகர்த்துவதில் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓர் அகலமான தட்டில் சிறிது நீர் ஊற்றி, ஒரு பக்கத்திலிருந்து ஊதிப் பாருங்கள். நீர் எதிர்ப் பக்கத்தில் சற்றே உயர்ந்து நிற்கும். காற்று நீரின் மேற்பரப்பை உராய்ந்து இழுக்கிறது. நீரின் எடை அதைத் திரும்ப இழுக்கிறது. இரண்டும் சமமாகும்போது நீர்ப்பரப்பு ஒரு சாய்வில் நிற்கிறது. நீர் எவ்வளவு ஆழம் குறைவோ அவ்வளவுக்குச் சாய்வு அதிகம். முழங்காலுக்குக் கீழே, 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீர்ப்பரப்பின்மீது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் சாய்வு உண்டாகும் என்று கணக்கிடலாம். ஐந்து கிலோமீட்டர் அகலமுள்ள நீர்ப்பரப்பில் இரு கரைகளுக்கும் இடையே 25 சென்டிமீட்டர் வித்தியாசம்! தரையோ மேசையைப் போல் சமதளமாக உள்ளது. ஆகவே நீர்விளிம்பு நூற்றுக்கணக்கான மீட்டர் முன்னும் பின்னும் நகர்கிறது. அந்த விளிம்பைத் தொடர்ந்து பறவைகளும் நகர்கின்றன.

எனவே கோடியக்கரைக்குப் போனதும் ஒரு கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். காற்று புறப்படும் பக்கத்துக் கரையில்தான் புதிய சேறு வெளிப்பட்டிருக்கும்.

ஒரே சேறு, பல பந்திகள்

சேற்றில் நூற்றுக்கணக்கான பறவைகள் ஒன்றாக மேய்வதைப் பார்த்தால், இவை ஒன்றோடொன்று இரைக்காகச் சண்டையிடாதா என்று தோன்றும். அலகுகளைக் கவனியுங்கள், விடை கிடைக்கும்.

கொசு உள்ளான் ஏறத்தாழச் சிட்டுக்குருவியின் அளவே இருக்கும். அதன் அலகு 2 சென்டிமீட்டர்கூட இராது. அது சேற்றின் மேல்தோலைக் கொத்தும். பவளக்கால் உள்ளானுக்கு அலகு 4 சென்டிமீட்டர் அளவு. கருவால் மூக்கனுக்கு 10 சென்டிமீட்டர். பெரிய கோட்டானுக்கு (கோட்டான் என்றதும் ஆந்தையை எண்ணிவிடாதீர்கள், இது கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய கரைப்பறவை) அலகு 15 சென்டிமீட்டர் அளவுக்கும் வளரும். ஒவ்வொன்றும் சேற்றில் வெவ்வேறு ஆழத்தில் உள்ள புழு, நண்டு, சிப்பியை எடுக்கிறது. ஒரே மேசையில் அடுக்கடுக்காகப் பல பந்திகள் நடக்கின்றன என்று சொல்லலாம்.

உப்புக்கொத்திகளின் முறையே வேறு. அவற்றுக்கு அலகு குட்டை, கண்கள் பெரியவை. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். உள்ளான் தொட்டுணர்ந்து தேடுகிறது; உப்புக்கொத்தி பார்த்துத் தேடுகிறது. ஐந்து நிமிடம் கவனித்தால் இந்த வித்தியாசம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதன்பின் தூரத்தில் வெறும் புள்ளியாகத் தெரியும் பறவையைக்கூட நடையை வைத்தே இன்ன குடும்பம் என்று சொல்லிவிடுவீர்கள்.

சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிப்பியை அலகு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உள்ளான்களின் அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் நிறைந்துள்ளன. நாட் என்னும் கரைப்பறவையை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளின் முடிவு 1998-இல் வெளியாயிற்று. ஈர மணலில் அலகைக் குத்தும்போது மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நீர் அழுத்தம் பெற்று விலகி ஓடப் பார்க்கிறது. அருகில் ஒரு சிப்பி இருந்தால் நீரின் ஓட்டம் தடைப்படுகிறது. அந்தப் பக்கம் அழுத்தம் மாறுகிறது. இந்த வேறுபாட்டை அலகு உணர்ந்துகொள்கிறது. சிப்பியைத் தொடாமலே சிப்பி இருக்கும் திசை தெரிந்துவிடுகிறது! நீர்ம அழுத்தம் பற்றி உங்கள் பாடநூலில் படித்ததை இந்தப் பறவை நாள்தோறும் பயன்படுத்துகிறது.

இன்னொரு விந்தை. மிகச் சிறிய கரைப்பறவைகள் சில, இரையுள்ள நீர்த்துளியை அலகு நுனியில் எடுத்து, தலையைத் தூக்காமலே வாய்க்குள் கொண்டுபோகின்றன. உறிஞ்ச முடியாத அலகில் துளி மேலேறுவது எப்படி? அலகைச் சிறிது திறந்து மூடித் திறந்து மூடினால், பரப்பு இழுவிசை துளியை இடுக்கான பக்கம் நோக்கி நகர்த்துகிறது. இடுக்கான பக்கம் எது? அலகு இணையும் இடம், அதாவது வாய்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். பள்ளிச் சோதனைச்சாலையில் நுண்ணோக்கிக்கு வைத்திருக்கும் கண்ணாடிச் சில்லுகள் இரண்டை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் இரண்டும் தொடும்படியும், மறுமுனையில் நடுவே ஒரு தீக்குச்சி இருக்கும்படியும் பிடியுங்கள். நடுப்பகுதியில், இரு சில்லுகளையும் தொடுமாறு ஒரு துளி நீரை விடுங்கள். துளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நகராமல் நின்றுவிட்டால் சில்லுகளை மெல்ல அழுத்தி விடுவியுங்கள். பறவையும் அதைத்தான் செய்கிறது.

தலைகீழாக உண்ணும் பூநாரை

கோடியக்கரையின் பெயரைச் சொன்னாலே பூநாரைதான் பலருக்கு நினைவுக்கு வரும். நீண்ட கால், நீண்ட கழுத்து, வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த உடல். அது தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அலகை நீரில் வைத்து உண்கிறது. நாக்கு பம்பு போல முன்னும் பின்னும் இயங்கி நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற தகடுகள் நுண்ணுயிர்களையும் சிறு இறால்களையும் வடிகட்டி நிறுத்திவிடும். அந்த உணவிலுள்ள நிறமிகளே அதன் இறகுக்குச் சிவப்பைத் தருகின்றன.

பங்குனி வெயிலில் சதுப்பு நீர் வேகமாக ஆவியாகிறது. நீர் குறையக் குறைய உப்பின் செறிவு கூடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வற்றிக்கொண்டிருக்கும் குட்டைகளில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். மீன்கள் தாங்காத அந்த உப்பிலும் சில நுண்ணுயிர்கள் வாழ்கின்றன.

பூநாரை ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்து, பாவம், கால் வலிக்காதா என்று இரக்கப்படாதீர்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒற்றைக்காலில் நிற்கும்போது உடலின் எடையே அதன் மூட்டுகளை ஒரு நிலையில் நிறுத்திவிடுகிறது. தசைகள் உழைக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. இரண்டு காலில் நிற்பதைவிட அதற்கு இதுவே சுலபம்!

காட்டோரம் ஒரு சுற்று

சேற்றை விட்டுச் சற்றுத் திரும்பினால், பாலை மரங்கள் அடர்ந்த உலர் பசுமைக்காடும் அதை ஒட்டிப் புல்வெளியும் உள்ளன. புல்வெளியில் வெளிமான்களைப் பார்க்கலாம். ஆண்மான் முதுகு கருத்து, திருகிய கொம்புடன் நிற்கும், பெண்மான் மஞ்சட்பழுப்பு. மார்ச் முதல் மே வரை அவற்றின் இணைசேரும் பருவங்களுள் ஒன்று. ஆண்மான்கள் தலையைப் பின்னுக்குச் சாய்த்து நிமிர்ந்து நடப்பதையும், எல்லைக்காக மோதிக்கொள்வதையும் அப்போது காணலாம். புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, குரங்கு, மனிதரால் விடப்பட்டுக் காட்டில் பெருகிய குதிரைகள் ஆகியவையும் உண்டு. வெளிமானுக்கு வேண்டியது திறந்த வெளி. சீமைக்கருவேலம் பரவிப் புல்வெளியை மூடும்போது அதன் இடம் சுருங்குகிறது.

புதருக்கடியில் காய்ந்த இலைகளைக் கிளறிக்கொண்டு பல வண்ணங்களில் ஒரு சிறு பறவை தென்பட்டால் அது ஆறுமணிக்குருவியாக இருக்கலாம். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். அதுவும் ஒரு வழிப்போக்கனே. மழைக்காலத்துக்குமுன் வடக்கே போய்க் கூடு கட்டும்.

புதிய உடை, புதிய பசி

இப்போது மீண்டும் சேற்றுக்கு வருவோம். தை மாதத்தில் உள்ளான்கள் எல்லாம் ஒரே மங்கிய சாம்பல் நிறம். எது எதுவென்று கண்டுபிடிக்கத் தலை சுற்றும். பங்குனியில் நிலைமை வேறு. பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும். வளைந்த அலகுள்ள கர்லூ உள்ளான் வயிறுவரை செங்கல் சிவப்பாகிவிடும். பொன்னிற உப்புக்கொத்திக்கு வயிறும் முகமும் கருத்துவிடும். கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் செம்பழுப்பாகும். இவை திருமண உடைகள். திருமணம் நடக்கப்போவது இங்கேயல்ல, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால்.

கர்லூ உள்ளானையே எடுத்துக்கொள்வோம். அதன் எடை 50 முதல் 60 கிராம். ஒரு கோழிமுட்டையின் அளவுதான். அது கூடு கட்டும் இடம் சைபீரியாவின் வட கோடியில், தைமீர் தீபகற்பம் போன்ற துருவப் பகுதிகளில். கோடியக்கரை வட அட்சரேகை சுமார் 10 பாகை. தைமீர் சுமார் 74 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 64 × 111. ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்!

இதற்கான எரிபொருள் கொழுப்பு. ஒரு கிராம் மாவுப்பொருளோ புரதமோ எரிந்தால் கிடைப்பதைப்போல் இருமடங்குக்கு மேல், அதாவது சுமார் 39 கிலோஜூல், ஒரு கிராம் கொழுப்பில் கிடைக்கிறது. எடை குறைவு, ஆற்றல் அதிகம். ஆகவே புறப்படுமுன் பறவைகள் இரவும் பகலும் தின்று கொழுப்பைச் சேர்க்கின்றன. உடல் எடை ஒன்றரை மடங்காகவும் அதற்கு மேலும் உயர்வதுண்டு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 55 கிராம் எடையுள்ள உள்ளான் 25 கிராம் கொழுப்பைச் சேர்த்துவிட்டது என்க. மொத்த ஆற்றல் 25 × 39 = 975 கிலோஜூல். பறக்கும்போது அது வினாடிக்கு 6 ஜூல், அதாவது 6 வாட், செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறிய எல்இடி விளக்கு எடுக்கும் மின்திறனும் அவ்வளவே. 9,75,000-ஐ 6-ஆல் வகுத்தால் 1,62,500 வினாடி. ஏறத்தாழ 45 மணி நேரம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 2,700 கிலோமீட்டர். கோடியக்கரையிலிருந்து நேர் வடக்கே இந்தத் தூரம் போனால் இமயத்தைத் தாண்டிய மேட்டுநிலம் வந்துவிடும்.

காற்றின் பங்கையும் கணக்கில் சேருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினால் வேகம் 80; அதே 45 மணியில் 3,600 கிலோமீட்டர். அதே காற்று எதிரே வந்தால் வேகம் 40. தூரம் 1,800 கிலோமீட்டர்தான். வடகிழக்குப் பருவக்காற்று அடங்கித் தெற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும் காலத்தில் அவை வடக்கே கிளம்புவது எவ்வளவு பொருத்தம்!

ஆனாலும் 7,000 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்க முடியவில்லை. இடையில் இரண்டு மூன்று இடங்களில் இறங்கிக் கொழுப்பை நிரப்பியாக வேண்டும். நீண்ட நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்குகள் இருப்பதுபோல ஈரநிலங்கள் இருக்க வேண்டும். ஓர் இடம் மூடப்பட்டால் அடுத்த இடத்துக்குப் போய்ச்சேர எரிபொருள் போதாது.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு பங்குனியில் எங்கள் கல்லூரி மாணவர்கள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். சேற்றின் நடுவே உள்ளான்கள் பெருங்கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. இன்னும் கிட்டப் போகலாம் என்று எல்லாரும் நடந்தோம். கூட்டம் ஒரே வீச்சில் எழுந்தது. வானில் திரும்பும்போதெல்லாம் வெள்ளியாக மின்னியது. மாணவர்கள் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்வதென்றால் நானும் தட்டினேன். கூட்டம் இறங்கியதும் மறுபடி நடந்தோம், மறுபடி பறந்தன.

இறால் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார். "சார், இதுக ஊருக்குப் புறப்படுற நேரம். கொஞ்சம் சாப்பிட விடுங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நடந்து போய்விட்டார்.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து மாணவர்களோடு ஒரு கணக்குப் போட்டோம். ஒரு முறை கலைந்தால் மூன்று நிமிடம் பறக்கிறது என்று கொள்வோம். 180 வினாடி × 6 வாட் = 1,080 ஜூல். இது பெரிதல்ல. ஆனால் எங்களைப் போலவும், நாய்களாலும், வண்டிகளாலும் ஒரு நாளில் 20 முறை கலைந்தால்? 21,600 ஜூல். கொழுப்பில் 0.55 கிராம். ஒரு நாள் முழுதும் தின்று அந்தப் பறவை சேர்ப்பது ஒரு கிராம் அளவு என்று வைத்தால், பாதிக்குமேல் பறிபோயிற்று! கலைந்த நேரத்தில் தின்னாமல் விட்டது தனி. பத்து நாளில் முடிய வேண்டிய ஆயத்தம் இருபது நாளுக்கும் மேல் இழுக்கும். துருவப் பகுதியில் கோடை மிகக் குறுகியது. அங்கே தாமதமாகப் போய்ச்சேரும் பறவைக்குக் குஞ்சு வளர்க்க நாள் போதாது.

நாங்கள் கைதட்டி ரசித்தது அவற்றின் பயணச் செலவுப் பணத்தை. அடுத்த நாள் காலை கரையிலேயே உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தபின் உள்ளான்கள் தாமாகவே மேய்ந்துகொண்டே அருகில் வந்தன. முதல் நாள் துரத்திப் பார்த்ததைவிட நன்றாகப் பார்த்தோம்.

நீங்கள் போகும்போது இந்த ஒன்றை நினைவில் வையுங்கள். மேய்கிற பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கத் தொடங்கினால், நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்வாங்குங்கள்.

பார்ப்பதற்கு ஒரு கருவி

பைனாகுலர்மீது 8×40 என்பதுபோல எழுதியிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம்; 80 மீட்டரில் உள்ள பறவை 10 மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். இரண்டாவது எண் முன் வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. நல்ல வெளிச்சத்தில் நம் கண்மணியின் அகலம் 2 அல்லது 3 மில்லிமீட்டரே. மங்கிய ஒளியில் அது விரியும். ஆகவே விடியலில் 8×40 உதவும். பகலில் 8×30 போதும். உருப்பெருக்கம் அதிகமுள்ளதே நல்லது என்று எண்ணாதீர்கள். கை நடுக்கமும் அதே அளவு பெருகித் தெரியும்.

ஒன்பது மணிக்குமேல் சேற்றின்மீது காற்று சூடாகி அலையலையாக எழும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் விலக்குவதால் பறவைகள் நீரில் நெளிவதுபோல் தெரியும். எவ்வளவு விலையுள்ள கருவியும் அதைத் திருத்தாது. எனவே விடியலில் போங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு உட்காருங்கள். வனத்துறையின் அனுமதி பெறவும் மறவாதீர்கள்.

ஏன் எண்ண வேண்டும்?

1899-இல் டென்மார்க் நாட்டு ஆசிரியர் மார்ட்டென்சென் மைனா இனப் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். வலசை பற்றிய முறையான ஆய்வு அதிலிருந்து வளர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிடும் பணியைச் செய்துவருகிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அந்தப் பணிக்கு வழிகாட்டினார். இன்று வளையத்துக்குப் பதில் சில கிராம் எடையுள்ள கருவிகள் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புகின்றன. 2022-இல் ஐந்து மாத வயதுள்ள பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவுக்கு, எங்கும் இறங்காமல், 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்ததை உலகம் அறிந்தது அப்படித்தான்.

ஆனால் எந்தக் கருவியும் செய்ய முடியாத ஒரு வேலை உண்டு. அது எண்ணுவது. தென்கொரியாவில் சேமங்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் நீளச் சுவர் கட்டி 2006-இல் மூடினார்கள். பெரிய நாட் என்னும் பறவை அங்கே இறங்கிக் கொழுப்பு நிரப்பும். சுவர் வந்தபின் அது அங்கே வெகுவாகக் குறைந்தது. பறவைகள் பக்கத்துக் கழிமுகத்துக்குப் போயிருக்கும் என்று சொல்லப்பட்டது. எண்ணிப் பார்த்தவர்கள் பக்கத்தில் அந்த அளவுக்குக் கூடவில்லை என்றார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஆஸ்திரேலியக் கரையில் ஆண்டுதோறும் எண்ணியவர்களும் குறைந்துவிட்டது என்றார்கள். அவர்களுடைய குறிப்பேடுகள் இல்லாவிட்டால் அந்த இழப்பு யாருக்கும் தெரிந்திராது.

நம் கோடியக்கரையிலும் 1980-களில் இருந்ததைவிடச் சிறு உள்ளான்கள் பெரிதும் குறைந்துவிட்டதாக அங்கே நீண்டகாலம் ஆய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது கோடியக்கரைக் காடும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கடுமையாகச் சேதமடைந்தன. காடு தளிர்க்கிறதா, பறவைகள் திரும்புகின்றனவா என்பதை ஒரு நாள் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே மாதத்தில் எண்ணிவர வேண்டும்.

எண்ணுவது கடினமல்ல. முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் கொள்ளுங்கள். அதைப்போல் பத்து மடங்கு இடம் நூறு. பிறகு கூட்டம் முழுவதையும் நூறு நூறாக அளந்துகொண்டே போங்கள். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். வீட்டில் ஒரு பிடி உளுந்தைத் தரையில் சிதறவிட்டுப் பழகலாம். மதிப்பிட்டபின் ஒவ்வொன்றாக எண்ணித் தவறு எவ்வளவு என்று பாருங்கள்.

கோடியக்கரைக்குப் போக வசதியில்லையே என்கிறீர்களா? உங்கள் ஊர் ஏரியிலோ குளத்திலோ சில உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் நிச்சயம் இருக்கும். நாள், நேரம், காற்றின் திசை, பறவையின் பெயர், எண்ணிக்கை இந்த ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசி உள்ளானைப் பார்த்த நாளை அடிக்கோடிடுங்கள். ஆனி மாதத்திலும் ஒன்றிரண்டு தென்பட்டால் திகைக்காதீர்கள். ஒரு வயது நிரம்பாத இளம் பறவைகள் பல முதல் ஆண்டில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுவதுண்டு.

அந்தப் பயணத்தின் கடைசி மாலையில் நாங்கள் கரையில் உட்கார்ந்திருந்தோம். சூரியன் இறங்கும் நேரம். உள்ளான் கூட்டம் ஒன்று தின்பதை நிறுத்திவிட்டு, இறகைக் கோதி, ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று முப்பது நாற்பது பறவைகள் எழுந்து வட்டமிட்டன. யாரும் அவற்றைக் கலைக்கவில்லை. வட்டம் உயர்ந்துகொண்டே போயிற்று. பிறகு ஒரு வளைந்த கோடாக வடக்கே திரும்பின. பைனாகுலரில் புள்ளியாகி மறையும்வரை பார்த்தோம். இம்முறை யாரும் கைதட்டவில்லை. ஒரு மாணவர் மட்டும் நோட்டை எடுத்து எழுதினார்: மாலை மணி 6.10, தென்காற்று, கர்லூ உள்ளான், 37.